அந்த இடத்துப் புண்ணுக்குக் களிம்பு கேட்காதீர்கள்!

கூட்டமெல்லாம் கலைந்த பிறகுதான் அவர் உள்ளே வந்தார். அதுவரை "நீங்க போங்க, எனக்கு அவசரமில்லை" என்று நாலு பேரை முன்னால் அனுப்பிவிட்டார். உட்கார்ந்ததும் கால் மணி நேரம் மூட்டுவலி பற்றியே பேச்சு. கடைசியில் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கீழே ஒரு சின்னப் புண்ணு டாக்டர். ஏதாச்சும் களிம்பு இருந்தா கொடுங்க."

"எத்தனை நாளா?"

"ஆறு மாசம் இருக்கும்..."

ஆண்குறியில் புற்றுநோய் வருமா என்று கேட்கிறீர்களா? வரும். அரிதான நோய்தான். மேல்நாடுகளில் வருஷத்துக்கு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவு. பிரேசிலிலும் நம் நாட்டிலும் அதைவிட அதிகம்.

இந்த நோயில் விஞ்ஞானிகள் கண்ட ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கையில் கீறல் பட்டால் அந்த இடம் சிவந்து வீங்கி எரிகிறதல்லவா? அதற்குக் காரணமான பொருள்களில் ஒன்று புராஸ்டாகிளாண்டின். அதைத் தயாரிக்கும் 'காக்ஸ்-2' என்ற நொதிக்கு ஒரு மரபணு உண்டு. உடம்பின் பெரும்பாலான இடங்களில் அது தூங்கிக் கிடக்கும். காயம் பட்டால் விழிக்கும். புண் ஆறியதும் அடங்கிவிடும். ஆண்குறிப் புற்றுத் திசுக்களைச் சோதித்தபோது, அந்த நொதி அளவுக்கு மீறி இருந்தது. 2004-ல் வெளியான ஆய்வு இது. அதாவது, அழற்சி அடங்கவே இல்லை! அதில் ஊறும் புராஸ்டாகிளாண்டின், செல்களைப் பெருகச் சொல்கிறது, சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமல் பிடித்துவைக்கிறது, கட்டிக்குப் புது ரத்தக் குழாய் இழுக்கவும் உதவுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய முகம் ஞாபகம் வந்தது. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்து முடித்து, புதிதாகத் தொழில் தொடங்கியிருந்த நேரம். ஐம்பது வயதுக்காரர் ஒருவர். முன்தோல் இறுகிப் பின்னுக்கு வராது. உள்ளே எரிச்சல், நாற்றம். திரிபலா கஷாயத்தில் கழுவச் சொல்லி, மத்தன் தைலம் கொடுத்தேன். பத்தே நாளில் எரிச்சல் குறைந்தது. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் பெருமை! மூன்று மாதம் கழித்து வந்தார், தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். உறுப்பையே எடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் ஒன்றரை வருஷம்தான் இருந்தார்.

எரிச்சல் அடங்கியதை நோய் அடங்கியதாக நினைத்தது என் தப்பு. எங்கள் ஏடுகளில் லிங்கப்புற்று என்ற சொல்லே இருக்கிறது. ஆனால் மேகப்புண் எது, புற்று எது என்று திசுவை எடுத்துப் பார்க்கும் வசதி அந்தக் காலத்தில் இல்லை. இன்று இருக்கிறது. இருக்கும்போது பயன்படுத்தாமல் தைலம் தடவுவது வைத்தியமல்ல. எங்கள் ஆட்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உடனே, "அழற்சிதானே காரணம்? மஞ்சள் அழற்சியைக் குறைக்குமே!" என்பீர்கள். மஞ்சளில் உள்ள குர்க்குமின், சோதனைக்கூடத் தட்டில் அந்த நொதியை அடக்குவது உண்மைதான். நாம் சாப்பிடும் மஞ்சளில் ரத்தத்துக்குப் போய்ச் சேருவதோ சொற்பம். அந்த நொதியையே குறிவைத்துச் செய்த ரோஃபெகாக்சிப் என்ற வலி மாத்திரைகூட, மாரடைப்பு ஆபத்தால் 2004-ல் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மஞ்சள் குழம்பிலே இருக்கட்டும்.

உங்கள் கையில் இருப்பது, அழற்சியை வருஷக்கணக்கில் வளர விடாமல் இருப்பது. தினமும் குளிக்கும்போது முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி வெறும் தண்ணீரில் கழுவுங்கள், போதும். பெரியவர்களுக்குத் தோல் பின்னுக்கு வரவில்லையென்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள்; சின்ன ஆபரேஷனில் சரியாகும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அடிக்கடி அங்கே புண் வந்து தோல் இறுகும், அவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: சின்னப் பையன்களுக்குத் தோல் ஒட்டியிருப்பது இயற்கை. பலவந்தமாகத் தள்ளாதீர்கள்! குழந்தையிலேயே சுன்னத் செய்பவர்களிடம் இந்த நோய் மிக அபூர்வம் என்பதும் உண்மை.

இந்தப் புற்றில் ஏறக்குறையப் பாதிக்கு, பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் அதே எச்.பி.வி. வைரஸ் காரணம். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் பையன்களுக்கும் அந்தத் தடுப்பூசி போடுகிறார்கள். கணவருக்கு இந்த நோய் என்றால், மனைவியும் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

மூன்று, நாலு வாரத்தில் ஆறாத புண், தடிப்பு, மரு, ரத்தக்கசிவு, நிறம் மாறிய தோல்... வலி இல்லாவிட்டாலும் போங்கள். ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் உறுப்பைக் காப்பாற்றியே குணப்படுத்த முடிகிறது. துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். மரக்கச் செய்துதான் எடுப்பார்கள், பயப்படாதீர்கள்.

அன்றைக்கு வந்தவருக்கு நான் களிம்பு கொடுக்கவில்லை. சிறுநீரக அறுவை நிபுணருக்கு ஒரு கடிதம் எழுதி, கவரில் போட்டு ஒட்டிக் கையில் கொடுத்தேன். எழுந்தவர், "பத்தியம் ஏதாச்சும் உண்டா டாக்டர்?" என்று கேட்டார்.

சட்டைப் பையில் இருந்த பீடிக்கட்டைக் காட்டி, "அதைக் கொடுத்துட்டுப் போங்க" என்றேன். அதுவும் இந்த நோய்க்கு ஒரு காரணம்.