கையெழுத்துக்கு முன் பத்து நாள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், "இன்னும் எத்தனை காலம் இன்னொருவரிடம் கைகட்டி வேலை பார்ப்பது?" என்று அலுத்துக்கொள்ளும் இளையவர்களும் அண்மைக் காலமாக ஒரே விஷயத்துக்காக என்னைத் தேடி வருகிறார்கள். பெயர்பெற்ற உணவகம் ஒன்றின் பிரான்சைஸ் எடுக்கப் போகிறோம், ஒப்பந்தத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். பார்ப்பதில் சிரமம் இல்லை. ஆனால் அவர்களில் பலர் நீட்டுவது ஏற்கெனவே கையெழுத்திட்ட ஒப்பந்தம். கட்டணம் கட்டியாயிற்று, கடைக்கு வாடகை பேசியாயிற்று, புதுப்பிப்பு வேலையும் பாதி முடிந்திருக்கும். அதற்குப் பிறகு வழக்கறிஞர் சொல்வதற்கு அதிகம் இருக்காது.

கடை எடுப்பவரும் தலைமை நிறுவனமும் ஓரளவேனும் சமமாக நிற்பது கையெழுத்து விழும் வரைதான். அந்தக் காலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதே இந்த வாரப் பேச்சு.

பிரான்சைஸ் எடுப்பது கடை வாங்குவது போன்றது என்று பலர் நினைக்கிறார்கள். நாம் வாங்குவது குறிப்பிட்ட காலத்துக்கான ஓர் அனுமதியைத்தான். பெயர்ப்பலகை, சமையல் முறை, மெனு, நாற்காலியின் நிறம் வரை எல்லாம் தலைமை நிறுவனம் சொல்கிறபடி. வாடகை, சம்பளம், மின் கட்டணம், வங்கிக் கடன் ஆகியவை நம் தலையில்.

இதில் கவனிக்க வேண்டியது ராயல்டி. பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது விற்பனையின் மீது கணக்கிடப்படும், இலாபத்தின் மீது அல்ல. ஓர் எடுத்துக்காட்டுக்கு, உங்கள் கடையின் மாத விற்பனை 80,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ராயல்டி 6 விழுக்காடு, விளம்பர நிதி 2 விழுக்காடு என்றால் 6,400 ரிங்கிட் தலைமை நிறுவனத்துக்குப் போய்விடும். அந்த மாதம் கடை நட்டத்தில் ஓடியிருந்தாலும் போகத்தான் வேண்டும். விற்பனை கூடினால் அவர்களுக்கு ஆதாயம். செலவு குறைந்தால்தான் நமக்கு ஆதாயம். பிரான்சைஸ் வழக்குகள் பலவற்றின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

கனடாவில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல சான்று. டிம் ஹோர்ட்டன்ஸ் என்பது அங்கே மூலைக்கு மூலை இருக்கும் காப்பிக்கடை நிறுவனம். முன்பெல்லாம் அதன் கடைகளில் மாவு பிசைந்து அங்கேயே டோனட் சுட்டார்கள். பிறகு தலைமை நிறுவனம் முறையை மாற்றியது. ஆலையில் அரைவேக்காடாகச் செய்து உறைய வைத்த டோனட் கடைக்கு வரும், கடையில் சூடாக்கி விற்க வேண்டும். இதனால் எங்கள் அடக்கச் செலவு ஏறிவிட்டது, மதிய உணவு வகைகளிலும் எங்களுக்கு ஒன்றும் நிற்பதில்லை என்று கடைக்காரர்கள் தரப்பில் வழக்குத் தொடுத்தார்கள். 2012-இல் ஒன்டாரியோ உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தலைமை நிறுவனம் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும்தான். ஆனால் மெனுவில் உள்ள ஒவ்வொரு பொருளிலும் கடைக்காரருக்கு இலாபம் கிடைக்கும் என்று ஒப்பந்தம் உறுதி தரவில்லையே என்பதுதான் தீர்ப்பின் சாரம். மேல்முறையீடும் அதே ஆண்டில் தோற்றது.

"அவர்கள் சாதாரணக் கடைக்காரர்கள், அதனால் தோற்றார்கள்" என்று நினைக்க வேண்டாம். பணமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கும் இதே கதைதான். இந்தியாவில் விக்ரம் பக்‌ஷி என்ற தொழிலதிபர் 1995-இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தோடு சரிபாதிக் கூட்டுச் சேர்ந்தார். வட இந்தியாவிலும் கிழக்கு இந்தியாவிலும் அந்த உணவகங்களை வளர்த்தவர் அவர்தான். 2013 ஆகஸ்டில் அவர் நிர்வாக இயக்குநர் பொறுப்பை இழந்தார். அவர் வழக்குத் தொடுத்தார். 2017 ஜூலையில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அவரை மீண்டும் அந்தப் பொறுப்பில் அமர்த்தச் சொன்னது. வென்றுவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த மாதமே, ராயல்டி பாக்கி உள்ளிட்ட காரணங்களைச் சொல்லி, 169 உணவகங்களின் பிரான்சைஸ் ஒப்பந்தங்களை முடித்துக்கொள்வதாக மெக்டொனால்ட்ஸ் அறிவித்தது.

இன்னொரு பக்கம் லண்டனில் நடுவர் மன்ற விசாரணை நடந்துகொண்டிருந்தது. அவர் நிர்வாக இயக்குநராக இல்லாமல் போனால் அவருடைய பங்கை மெக்டொனால்ட்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. 2017 செப்டம்பரில் வந்த தீர்ப்பு அந்த விதியின் பக்கம் நின்றது. கடைசியில் 2019 மே மாதம் இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டன. அவர் விலகினார். தொழில் தொடங்கிய நாளில் எழுதப்பட்ட ஒரு விதி பதினெட்டு ஆண்டுகள் கழித்து உயிர்பெற்றது. அதன் பிறகு தகராறு தீர ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆயின.

நம் ஊருக்கு வருவோம். கிள்ளான் பக்கத்தில் இருந்து ஒரு கணவன் மனைவி என்னிடம் வந்தார்கள். கணவரின் அப்பா ஓய்வு பெற்றபோது எடுத்த சேமநிதிப் பணம், வங்கிக் கடன், மனைவியின் நகை எல்லாம் சேர்த்து ஓர் உணவக பிரான்சைஸ் எடுத்திருந்தார்கள். பெயர் வேண்டாம். விற்பனை, சொன்னதில் பாதியைக் கூடத் தொடவில்லை. பத்து மாதத்தில் ராயல்டி பாக்கி விழுந்தது, எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

"அண்ணே, அவங்க காட்டின பேப்பர்ல மாசம் எண்பதாயிரம்னு போட்டிருந்துச்சே. அப்போ அது பொய்யா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

அந்தத் தாள், விற்பனைப் பேச்சின்போது காட்டிய வண்ண அட்டவணை. ஒப்பந்தத்தில் அந்த எண் எங்கும் இல்லை. அதற்கு மாறாக, "இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே சொல்லப்பட்ட எதையும் நம்பி நான் கையெழுத்திடவில்லை" என்ற பொருளில் ஒரு விதி இருந்தது. அதற்குக் கீழே இருவரின் கையெழுத்தும் இருந்தது. பொய் சொல்லி ஒப்பந்தத்துக்குள் இழுத்தால் சட்டம் சும்மா விடாது என்பது உண்மைதான். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நாம். இப்படி ஒரு விதிக்குக் கையெழுத்திட்ட பிறகு அந்த வேலை பல மடங்கு கடினம்.

கடையை மூடியும் தொல்லை ஓயவில்லை. வாடகை ஒப்பந்தம் கடை உரிமையாளரோடு தனியாகப் போட்டது, அதில் இன்னும் இரண்டு ஆண்டுகள் மீதம் இருந்தன. சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனத்தின் பெயரில்தானே கடன் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். வங்கியோ கணவரிடமும் அவர் அப்பாவிடமும் தனிப்பட்ட உத்தரவாதம் வாங்கியிருந்தது. அதே இடத்தில் அதே மாதிரி உணவகத்தைச் சொந்தப் பெயரில் நடத்தலாம் என்றால் அதற்கும் தடை. பல மாதப் பேச்சுக்குப் பிறகு ராயல்டி பாக்கியை நிறுவனம் விட்டுக்கொடுத்தது, இவர்கள் நட்ட ஈட்டுக் கோரிக்கையை விட்டுக்கொடுத்தார்கள். அப்பாவின் பணம் திரும்பவில்லை.

மலேசியாவில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1998-ஆம் ஆண்டு பிரான்சைஸ் சட்டம், அதாவது சட்டம் 590, உள்நாட்டு வாணிப அமைச்சின் பொறுப்பில் உள்ளது. அதன்படி தலைமை நிறுவனம் பிரான்சைஸை விற்பதற்கு முன்பே அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். கையெழுத்துக்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன் ஒப்பந்தத்தின் நகலையும், கட்டணங்கள், இரு தரப்பின் கடமைகள் முதலியவற்றை விவரிக்கும் ஆவணத்தையும் நம் கையில் தர வேண்டும். கையெழுத்திட்ட பிறகும் மனம் மாறினால் விலகிக்கொள்ளக் குறைந்தது 7 வேலை நாள் அவகாசம் உண்டு. அப்படி விலகினால் நியாயமான செலவை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். பிரான்சைஸ் காலம் 5 ஆண்டுக்குக் குறையக் கூடாது. தக்க காரணம் இல்லாமல் இடையில் முறிக்கவும் முடியாது.

இதே சட்டம் நம் கையையும் கட்டுகிறது. பிரான்சைஸ் நடக்கும் காலத்திலும், முடிந்த பிறகு 2 ஆண்டுகளுக்கும், அதைப் போன்ற வேறு வியாபாரம் செய்ய மாட்டோம் என்று எழுதித் தர வேண்டும். இது கடை எடுத்தவரோடு நிற்பதில்லை. நிறுவன இயக்குநர்களையும், அவர்களுடைய கணவன் மனைவியையும், நெருங்கிய குடும்பத்தினரையும், ஊழியர்களையும் அது உள்ளடக்கும். அம்மா ஏற்கெனவே ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறார் என்றால் இதை முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும். சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு சொல்: அங்கே பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. பொதுவான ஒப்பந்தச் சட்டமும், பொய்த் தகவல் தந்து ஏமாற்றுவதற்கு எதிரான சட்டமும்தான் துணை. ஆகவே இன்னும் கூடுதல் கவனம் தேவை.

சிலர் "இது பிரான்சைஸ் இல்லை, வெறும் லைசென்ஸ்தான், பதிவெல்லாம் வேண்டாம்" என்பார்கள். பெயரை மாற்றினால் சட்டம் விலகிப் போகாது. அவர்களுடைய வணிகச் சின்னம், அவர்களுடைய முறை, அவர்களுடைய கட்டுப்பாடு, நம்முடைய கட்டணம் என்று இருந்தால் அது பிரான்சைஸாகவே கருதப்படக்கூடும். பதிவு எண்ணைக் கேளுங்கள், அமைச்சிடம் சரிபாருங்கள். தர மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தப் பத்து நாளில் என்ன செய்வது? அவர்கள் சொன்ன விற்பனை எண்ணை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த எண்ணை மறந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். அவர்கள் அழைத்துப்போய்க் காட்டும் கடையோடு நிற்காமல், மூடிய கடைக்காரர் ஒருவரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். சரக்கை அவர்களிடம் மட்டும்தான் வாங்க வேண்டுமா, விலையை யார் தீர்மானிப்பது என்று கேளுங்கள். பக்கத்துப் பேரங்காடியில் இன்னொரு கிளை திறக்க மாட்டார்கள் என்பதற்கு எழுத்தில் உறுதி இருக்கிறதா என்று பாருங்கள். வாடகை ஒப்பந்தமும் பிரான்சைஸும் ஒரே நாளில் முடியும்படி பேசிப் பாருங்கள். தகராறு வந்தால் எந்த ஊரில் விசாரணை, யார் செலவு என்பதையும் பாருங்கள்.

எல்லா நிறுவனமும் ஏமாற்றுவதில்லை. நேர்மையாக நடத்தும் நிறுவனங்களோடு நன்றாகச் சம்பாதிக்கிற நம்மவர்களும் இருக்கிறார்கள். நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும், ஆவணத்தை எடுத்துக் காட்டும். "இந்த வாரத்துக்குள் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்" என்று அவசரப்படுத்துகிறவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். சட்டம் உங்களுக்குப் பத்து நாள் தந்திருக்கிறது. அதை ஒரு நாளாகச் சுருக்கச் சொல்கிறவர், கையெழுத்து விழுந்த பிறகு எப்படி நடந்துகொள்வார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.