வலி போயிற்று, கல் போயிற்றா?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறன்று, வளையமாதேவியில் டிராக்டர் ஓட்டிப் பிழைக்கும் குடும்பத் தலைவர் ஒருவர் திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்தார். விலாவிலிருந்து தொடைவரை பாய்ந்த வலியால் 2 நாள் உருண்டு புரண்டிருக்கிறார். ஸ்கேன் எடுத்ததில் வலப்பக்கச் சிறுநீர்க்குழாயில் 8 மில்லிமீட்டர் கல். அதிர்வலைச் சிகிச்சைக்கு டாக்டர் நாளும் குறித்துக் கொடுத்திருந்தார். "வலி நின்னு போச்சு சாமி. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டேன். இனி அங்க எதுக்குப் போவணும்?" என்றார். நானும் மகிழ்ந்து, ஆசீர் அளித்து அனுப்பிவிட்டேன். ஓராண்டு கழித்து வேறொரு நோய்க்காக ஸ்கேன் எடுத்தபோது கல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு மேலிருந்த சிறுநீரகமோ நீர் கோத்து வீங்கி, வேலை செய்யும் ஆற்றலை இழந்துவிட்டிருந்தது. அன்று நான் அவரிடம் கேட்கத் தவறிய கேள்வியைத்தான் இம்மாதம் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் நீளம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். உள்ளளவோ சில மில்லிமீட்டர்தான். அதிலும் மூன்று இடங்களில் அது இயற்கையாகவே குறுகியிருக்கிறது. கல் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். அடைப்புக்கு மேலே சிறுநீர் தேங்கி, அழுத்தம் ஏறும்போதுதான் அந்தப் பொறுக்கவொண்ணா வலி. ஆனால் அடைப்பு நீடித்தால் சிறுநீரகம் தானாகவே தன் வேலையைக் குறைத்துக் கொள்ளும். அழுத்தம் தணியும், வலியும் தணியும். வீட்டார் நன்றி செலுத்துவார்கள். சிறுநீரகம் ஓசையின்றி அழிந்து கொண்டிருக்கும்.

5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை தாமாகவே இறங்கிவிடும். தண்ணீரும், சில வாரக் காத்திருப்பும், டாக்டர் தரும் மாத்திரையும் போதும். வாழைத்தண்டுச் சாற்றோடும் சிறுபீளைக் கஷாயத்தோடும் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஆனால் கல் வெளியேறிவிட்டதா என்பதை மறு ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். பீர் குடித்தால் கல் கரையும் என்று நம் இளைஞர்கள் சிலர் சொல்லி வருகிறார்கள். இதற்குச் சாராயக் கடைக்காரரைத் தவிர வேறு சாட்சியை நான் கண்டதில்லை.

இறங்காத கல்லுக்கு வந்ததே அதிர்வலைச் சிகிச்சை. இதன் வரலாறு விந்தையானது. ஜெர்மனியில் டோர்னியர் என்ற விமானக் கம்பெனியார், ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் விமானத்தின் மேல் மழைத்துளி மோதினால் என்ன கேடு விளையும் என்று ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சியின் வழியே அதிர்வலை கல்லை உடைக்கும் கருவியாயிற்று. 1980 பிப்ரவரி 7ஆம் நாள் மியூனிக் நகரில் டாக்டர் கிறிஸ்டியன் சௌசியும் அவர் குழுவினரும் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இச்சிகிச்சையை அளித்தார்கள். அக்காலத்தில் நோயாளியை நீர்த்தொட்டியில் அமிழ்த்தியே செய்தார்கள். இப்போது மேசையில் படுக்க வைத்து, நீர் நிரம்பிய மெத்தை போன்ற பகுதியை உடலோடு ஒட்ட வைக்கிறார்கள்.

சுரங்கத்தில் வெடி வைத்தால் தொலைவிலுள்ள வீட்டு அலமாரியில் பாத்திரம் அதிர்வதை நாம் அறிவோம். அதிர்வு வழியிலுள்ள மண்ணைக் கடந்து வந்து பாத்திரத்தை ஆட்டுகிறது. அதுபோலவே, நீரிலிருந்து புறப்படும் அலை, பெரும்பகுதி நீராலான நம் தசையை அதிகம் தாக்காமல் கடந்து, கடினமான கல்லின்மேல் குவிந்து அதை நொறுக்குகிறது. எக்ஸ்ரேயாலோ ஸ்கேனாலோ கல்லைக் குறிபார்த்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் 2,000, 3,000 அதிர்வுகள்வரை கொடுப்பார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகலாம். தூள்கள் வெளியேறச் சில வாரம் ஆகும். சில சமயம் அவை குழாயில் வரிசையாக அடைத்துக் கொள்வதும் உண்டு; ஜெர்மானியர் அதற்குக் 'கல் வீதி' என்றே பெயரிட்டிருக்கிறார்கள்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. கருவுற்ற தாய்மாருக்குச் செய்யக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்போர் அதை டாக்டரிடம் முன்னதாகவே சொல்ல வேண்டும். மிகக் கடினமான கல்லுக்கும், குழாயின் அடிப்பகுதியிலுள்ள கல்லுக்கும் குழாய்வழிக் கருவியைச் செலுத்தி எடுப்பதே பல வேளைகளில் நலம். கல்லோடு குளிர்காய்ச்சலும் வந்தால் மறுநாள் வரை காத்திராதீர்கள்; அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது உயிருக்கே ஆபத்து.

மற்றொன்றையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிலருக்குச் சிறுநீர் தடையின்றி இறங்க உள்ளே 'ஸ்டென்ட்' என்னும் மெல்லிய குழலை வைத்து அனுப்புவார்கள். வெளியே எதுவும் தெரியாது. சில வாரங்களில், அல்லது டாக்டர் குறித்த மாதத்தில், அதை எடுத்தாக வேண்டும். அறுவடை வந்தது, மகள் திருமணம் வந்தது என்று மறந்து போனவர்களின் உடலில் அக்குழலின்மேலேயே புதுக் கல் படர்ந்து, சிறுநீரகமே போன கதைகள் மருத்துவ ஏடுகளில் நிறைய உண்டு.

இதையெல்லாம் ஒரு குருவானவர் எழுத வேண்டுமா என்று கேட்போர் இருக்கலாம். கல்லடைப்பால் வருந்துவோர்க்குத் திருச்சபையில் ஒரு பாதுகாவலரே உண்டு: பிரான்சு நாட்டு லெ மான் நகரின் ஆயர் புனித லிபோரியுஸ். 836ஆம் ஆண்டில் அவருடைய திருப்பண்டங்கள் ஜெர்மனியின் பாடர்போர்னுக்குக் கொண்டு செல்லப்பட்டன. புத்தகத்தின்மேல் சிறு கற்களை ஏந்தியவராக அவரை வரைவார்கள். ஜூலை 23 அவர் திருநாள். அன்று செபியுங்கள். செபத்தையும் வைத்தியரையும் சீராக் ஆகமம் 38ஆம் அதிகாரத்தில் பக்கம் பக்கமாகத்தான் வைத்திருக்கிறது; ஒன்றைச் சாக்காக்கி மற்றதை விட்டுவிட அங்கே இடமில்லை.

டிராக்டர்காரர் ஒற்றைச் சிறுநீரகத்தோடு நலமாக இருக்கிறார். வெயிலில் வண்டி ஓட்டும்போது பக்கத்தில் தண்ணீர்க்குடம் இருக்கிறது. என் நோயாளர் சந்திப்புக் குறிப்பேட்டில் இப்போது நோயில் பூசுதல் பெற்ற தேதிக்குப் பக்கத்தில் ஸ்டென்ட் எடுக்கும் தேதியையும் எழுதி வைக்கிறேன். இம்மாதம் ஒரு தாய் புதுச்சேரி ஜிப்மருக்குப் போயாக வேண்டும். துணைக்கு ஆளில்லை என்று தயங்குகிறார். அதிகாலைப் பேருந்தில் அவரோடு செல்ல வின்சென்ட் தெ பவுல் சபையார் இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.