கொரிய நாடகங்கள்: ஏளனம் செய்வோருக்குச் சில வார்த்தைகள்

சில மாதங்களுக்கு முன்னர் கொழும்பில் நடைபெற்ற நூல் வெளியீட்டு விழா ஒன்றுக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், பத்திரிகைத் துறையில் என்னோடு நீண்டகாலம் பணியாற்றிய நண்பர் ஒருவர், "என்ன அண்ணை, நீங்களும் இப்ப கொரியன் நாடகம் பாக்கிறீங்களாம்?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். வீடு வந்து சேர்ந்த பின்னர்தான் அந்த மழுப்பலை எண்ணி வெட்கப்பட்டேன். இக்கட்டுரையை அதற்கான பரிகாரமாக வாசகர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

ஆம், பார்க்கிறேன். 2012ஆம் ஆண்டு ரூபவாஹினியில் 'சுஜாத தியணி' என்ற பெயரில் ஒரு கொரியத் தொடர் சிங்களக் குரல்மாற்றத்துடன் ஒளிபரப்பானது. அரண்மனைச் சமையற்கட்டிலே சிறுமியாக நுழைந்து, பின்னர் அரசனுக்கே வைத்தியம் பார்க்கும் நிலைக்கு உயர்ந்த ஜாங்-கும் என்ற பெண்ணின் கதை. 54 அங்கங்கள். எங்கள் வீட்டில் சிங்களம் அரைகுறையாகவே விளங்கும். ஆயினும் அந்த நேரத்தில் யாரும் எழுந்து போகவில்லை. ஆசிரியபீட வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் நான், கதவைத் திறப்பதற்குக்கூட ஆள் இல்லாமல் நின்றிருக்கிறேன். கோபத்தோடு உள்ளே வந்து அமர்ந்தவன், பிறகு எழுந்திருக்கவில்லை.

அந்த ஜாங்-கும் முழுக் கற்பனைப் பாத்திரம் அல்லள். பதினாறாம் நூற்றாண்டில் ஆண்ட ஜுங்ஜொங் மன்னனின் காலத்து அரச குறிப்புகளில், வைத்தியப் பெண் என ஆங்காங்கே சில வரிகளில் அவள் பெயர் வருகிறது. அந்தச் சில வரிகளிலிருந்து 54 அங்கங்களைக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். தமது ஏடுகளைத் தூசி தட்டிப் பார்ப்பவர்களுக்குக் கதைப் பஞ்சம் வருவதில்லை என்பதை முதலில் எனக்கு உணர்த்தியது அந்தத் தொடர்தான்.

ஏளனம் செய்வோரின் குற்றச்சாட்டுகள் எனக்குத் தெரியாதவை அல்ல. பணக்கார வாலிபன், ஏழைப் பெண், குறுக்கே நிற்கும் தாய், மறதி நோய், பிறப்பு இரகசியம். இவையெல்லாம் உண்மைதான். 2008ஆம் ஆண்டு தொடங்கிய 'மனைவியின் சபலம்' என்ற தொடர் 129 அங்கங்கள் ஓடியது. அதிலே கணவனாற் கைவிடப்பட்டு, இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட மனைவி, முகத்தில் ஒரு மச்சத்தை வைத்துக்கொண்டு பழிவாங்கத் திரும்பி வருகிறாள். கட்டிய கணவனுக்கே அவளை அடையாளம் தெரியவில்லை! எமது சின்னத்திரை மாமியார்கள் தோற்றுப்போகும் இடம் அது. குப்பை கொரியாவிலும் மலிந்து கிடக்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் குப்பையை மட்டும் காட்டி ஒரு நாட்டின் கலையை எடைபோடுபவர்களுடன் எனக்கு வழக்கு உண்டு. நாயகனின் தலைமயிர் அழகிலே சொக்கிப் போகும் இரசிகர்களும், அந்த இரசிகர்களைப் பார்த்து நகைக்கும் அறிவாளிகளும் பார்ப்பது ஒரே பக்கத்தைத்தான். 2010களில் தமிழ்நாட்டில் புதுயுகம் தொலைக்காட்சி தமிழ்க் குரல் கொடுத்து ஒளிபரப்பிய 'பொய்ஸ் ஓவர் பிளவர்ஸ்' போன்றவற்றுடனேயே கொரியா முடிந்துவிட்டது என்று இரு தரப்பினரும் எண்ணுகிறார்கள். அந்த நாட்டு நாடகத்தின் முதுகெலும்பு வேறிடத்தில் இருக்கிறது. தன் சொந்தக் காயத்தை வீட்டின் வரவேற்பறையில் வைத்துப் பார்க்கும் துணிவு என்று அதைச் சொல்வேன்.

1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஜப்பானிய இராணுவத்தினாற் பாலியல் அடிமையாக்கப்பட்ட கிம் ஹக்-சுன் என்ற மூதாட்டி, அரை நூற்றாண்டு மௌனத்தைக் கலைத்து, தனக்கு நேர்ந்ததைப் பகிரங்கமாகச் சொன்னார். அதே ஆண்டு ஒக்டோபரில் 'விடியலின் கண்கள்' என்ற தொடர் ஆரம்பமானது. அதன் நாயகி அவ்வாறே இராணுவத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட ஒரு பெண். 36 அங்கங்களில் அந்தக் கதை ஜப்பானிய ஆட்சி, விடுதலை, கொரியப் போர் என்று நகர்கிறது. இடையிலே ஜெஜு தீவில் 1948இல் தொடங்கிய கிளர்ச்சியும், அதை அடக்குவதாகக் கூறி மக்களைக் கொன்று குவித்த கொடுமையும் வருகின்றன. ஜெஜு படுகொலைகளுக்காகக் கொரிய அரசின் சார்பில் ஜனாதிபதி றோ மூ-ஹியூன் மன்னிப்புக் கோரியது 2003ஆம் ஆண்டில். நாடகம் அந்த மன்னிப்புக்குப் பதினொரு ஆண்டுகள் முந்திவிட்டது.

"அங்கே ஜனநாயகம் வந்துவிட்டது, அதனால் எடுக்கிறார்கள்" என்று இலகுவாகச் சொல்லிவிடுவோருக்கு ஒரு தகவல். அந்தத் தொடர் ஒளிபரப்பானபோது ஜனாதிபதியாக இருந்தவர் றோ டே-வூ. 1979ஆம் ஆண்டு இராணுவச் சதியிற் பங்கெடுத்த முன்னாள் தளபதி. தேர்தலில் வென்று வந்தவர்தான் என்றாலும், நாற்காலியில் இருந்தவர் பழைய ஆள். எல்லாம் சரியாகட்டும், பின்னர் எழுதுவோம் என்று அந்தக் கலைஞர்கள் காத்திருக்கவில்லை.

அதே எழுத்தாளர் சொங் ஜி-நாவும் அதே இயக்குநர் கிம் ஜொங்-ஹக்கும் 1995இல் 'மணற்கடிகாரம்' என்ற தொடரைத் தந்தார்கள். 24 அங்கங்கள். 1980ஆம் ஆண்டு மே மாதம் குவாங்ஜு நகரில் இராணுவ ஆட்சிக்கு எதிராக எழுந்த மக்களைத் துருப்பினர் சுட்டும் அடித்தும் கொன்ற நிகழ்வு அதன் நடுவில் நிற்கிறது. இரு நண்பர்கள். ஒருவன் சண்டியன். தற்செயலாக அந்த நகரில் அகப்பட்டு மக்களோடு நிற்கிறான். மற்றவன் கட்டாய இராணுவ சேவையில் இருக்கும் மாணவன். சீருடையோடு அதே நகருக்கு அனுப்பப்படுகிறான். நல்லவன் ஒருபுறம், கெட்டவன் மறுபுறம் என்று பிரிப்பது எழுத்தாளருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் சட்டம் படிக்கும் நேர்மையாளனைத் துப்பாக்கியோடும், சண்டியனை மக்களோடும் நிறுத்தினார். உண்மையான ஒளிப்படச் சுருள்களையும் இடையிற் சேர்த்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பேசினாலே சிறை என்றிருந்த விடயம், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குள் வந்தது.

வாரத்தில் நான்கு இரவுகள் அது ஒளிபரப்பானது. அந்த நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடியதாகவும், மக்கள் அதை 'வீடு திரும்பும் கடிகாரம்' என்று கேலியாக அழைத்ததாகவும் சொல்வார்கள். ஒளிபரப்பிய நிலையம் அப்போது தலைநகரப் பகுதிக்கு மட்டுமே உரிய ஒரு புதிய தனியார் நிலையம். குவாங்ஜு நகரத்து மக்களுக்குத் தங்கள் கதையை நேரடியாகப் பார்க்கும் வசதி இருக்கவில்லை. ஒளிநாடாக்களில் பதிவுசெய்து கைமாற்றிப் பார்த்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் முன்னாள் சர்வாதிகாரி சுன் டூ-ஹ்வான் கைது செய்யப்பட்டார். நாடகத்தாற்றான் கைதானார் என்று நான் சொல்ல வரவில்லை. மாணவர்களும், உறவுகளை இழந்த தாய்மாரும் பல ஆண்டுகள் தெருவில் நின்று போராடியதன் பலன் அது. ஆனால் அந்தத் தாய்மார் யாருக்காக அழுகிறார்கள் என்பது, நாடகம் பார்த்த சியோல் நகரத்துக் குடும்பங்களுக்கு அப்போது விளங்கியிருக்கும் அல்லவா?

"சனம் கேட்பதைத்தான் கொடுக்கிறோம்" என்பது எமது தொலைக்காட்சிக்காரர்களின் வழமையான பதில். பல ஆண்டுகளுக்கு முன்னர், இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றிய பதின்மூன்று அங்கக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு நிலையத்தின் படியேறினேன். பொறுப்பாக இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, சனம் ஏற்கெனவே அழுது களைச்சுப்போச்சு. இதை ஆர் பாப்பினம்?" என்றார். கதையைத் திருப்பித் தந்தார். அன்று மாலை அதே நிலையத்தில், இந்தியாவிலிருந்து வந்த தொடர் ஒன்றில் ஒரு மருமகள் முக்கால் மணித்தியாலம் அழுதாள். சனம் அழுது களைத்துவிட்டது என்று சொன்னவர் அதை அனுமதித்திருந்தார். களைப்பு அழுகையில் இல்லை போலும். எதற்காக அழுகிறோம் என்பதில்தான் அவர்களுக்குச் சிக்கல். 'மணற்கடிகாரம்' ஓர் அரசாங்கத் தொண்டு அல்ல, இலாபம் தேடும் தனியார் நிலையத்தின் தயாரிப்பு. சனம் பார்த்தது. விளம்பரமும் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தொடர் 24 அங்கங்களில் முடிந்தது. எங்கள் வீடுகளில் ஓடிய 'கோலங்கள்' 1533 அங்கங்கள். முடிவு தெரிந்து எழுதுபவனுக்கு, தான் என்ன சொல்ல வந்தேன் என்பது தெரிந்திருக்க வேண்டும். முடிவே இல்லாத கதையை எழுதுபவனுக்கு நாளைய அங்கத்தை ஓட்டினாற் போதும். 'மணற்கடிகார'த்தின் இறுதியில், அரச வழக்குத்தொடுநராகிவிட்ட நண்பன் தன் சண்டிய நண்பனுக்கு மரணதண்டனை கோருகிறான். அது நிறைவேற்றப்படுகிறது. அந்தக் காட்சியை நோக்கியே 23 அங்கங்களும் நடந்து வந்திருக்கின்றன. ஆயிரத்தைந்நூறு அங்கங்களுக்கு இழுத்திருந்தால், அவன் நிச்சயம் சிறையிலிருந்து தப்பி, மச்சம் வைத்துக்கொண்டு திரும்பி வந்திருப்பான்.

இது பழைய கதை என்று ஒதுக்குவோருக்கு 2021ஆம் ஆண்டின் 'மே மாதத்து இளமை'யைச் சிபாரிசு செய்வேன். பன்னிரண்டே அங்கங்கள். வெளிப்பார்வைக்கு ஒரு தாதிக்கும் மருத்துவ மாணவனுக்கும் இடையிலான சாதாரணக் காதற் கதை. ஆனால் அது தொடங்குவது கட்டட வேலைத்தலம் ஒன்றில் மனித எச்சங்கள் கண்டெடுக்கப்படுவதோடு. இடம் குவாங்ஜு. காதலர்கள் சிரிக்கும் ஒவ்வொரு காட்சியிலும், அந்த எலும்புகள் யாருடையவை என்ற கேள்வி நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்கிறது. அவள் அன்றே இறந்துவிட்டாள். அவன் நாற்பத்தொரு ஆண்டுகள் எதுவும் தெரியாமல் வாழ்ந்திருக்கிறான். காணாமற்போனோர் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாத மக்கள் நாம். அந்தத் தொடரின் கடைசி அங்கத்தை நான் ஒரே அமர்வில் பார்த்து முடிக்கவில்லை. முடியவில்லை.

கொரியர்களைக் கோயிலில் வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட கொரியப் படையினர் வியட்நாம் போருக்குச் சென்றார்கள். அங்கே 1968இல் அவர்கள் நடத்திய படுகொலை ஒன்றுக்காக இழப்பீடு வழங்குமாறு 2023இல் சியோல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் நான் பார்த்த தொடர்கள் எதிலும் அந்த வியட்நாமியக் கிராமத்தவரின் முகம் இல்லை. தான் பட்ட காயத்தைப் பேசுவதைவிட, தான் கொடுத்த காயத்தைப் பேசுவது கடினம். 'ஸ்குவிட் கேம்' தொடரில் சம்பளம் கிடைக்காத பாகிஸ்தானியத் தொழிலாளி ஒருவன் வருகிறான். 2004இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தின் கீழ் அந்நாட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போன எமது நாட்டு இளைஞர்களுக்கும் சொல்வதற்குக் கதைகள் இருக்கும். அவர்களை முழு மனிதர்களாகக் காட்டும் தொடர்கள் இன்னும் வேண்டும்.

இருந்தபோதிலும், அந்த நாடகங்கள் ஒரு காரியத்தைச் செய்திருக்கின்றன. தம் வரலாற்றைக் காவல் காக்கும் பார்வையாளரை அவை வளர்த்திருக்கின்றன. 2021 டிசம்பரில் 'ஸ்னோட்ரொப்' என்ற தொடர், 1987இன் ஜனநாயகப் போராட்டத்தைத் திரிக்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, அதை நிறுத்தக் கோரும் மனுவில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். நிறுத்தக் கோரியது சரியா என்பதில் எனக்கு உடன்பாடில்லை. தடை கேட்பது பத்திரிகைக்காரனுக்கு உவப்பானதல்ல. ஆனால் ஒரு காதல் தொடரைப் பார்த்துவிட்டு, "எங்கள் அண்ணன்மாரின் கதையைப் பொய்யாக்காதே" என்று சண்டைக்கு வரும் பார்வையாளர் எமக்கு வாய்த்திருக்கிறார்களா?

2024 டிசம்பர் 3ஆம் திகதி இரவு, அப்போதைய ஜனாதிபதி யூன் சுக்-யோல் திடீரென இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். செய்தி கேட்ட மக்கள் குளிரிலே பாராளுமன்ற வாயிலுக்கு ஓடினார்கள். சில மணித்தியாலங்களில் அது மீளப்பெறப்பட்டது. அந்தக் கூட்டத்தில் 1980இல் பிறந்தேயிராத பிள்ளைகளும் நின்றார்கள். இராணுவச் சட்டம் என்றால் என்னவென்று அவர்களுக்கு யார் சொன்னது? பாட்டி சொல்லியிருக்கலாம், பாடநூல் சொல்லியிருக்கலாம், நாவல் சொல்லியிருக்கலாம். தொலைக்காட்சியும் சொல்லியிருந்தது. நான் ஏளனத்துக்கு எதிராக வாதாடுவது அந்த ஒரு வரிக்காகத்தான்.

எமது பேரப்பிள்ளைகள் உலகெங்கும் சிதறி வாழ்கிறார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் பலர். நாம் எழுதிய நூல்கள் அவர்களைச் சென்றடையப் போவதில்லை. திரையில் வருவது சென்றடையும். ஜெஜு தீவின் துயரம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது; பாட்டனின் ஊர் ஏன் வெறிச்சோடியது என்பது தெரியவில்லை. இது அவர்களின் குற்றமல்ல.

அடுத்த கூட்டத்தில் அந்த நண்பரைச் சந்தித்தால் மழுப்ப மாட்டேன். பன்னிரண்டு அங்கங்களையும் ஓர் இறுவட்டிற் பதிந்து கையிற் கொடுப்பேன். பார்த்து முடித்த பின்னரும் அவருக்குச் சிரிப்பு வருமானால், சிரிக்கட்டும். அந்தப் பதின்மூன்று அங்கக் கதையின் கையெழுத்துப் பிரதி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அதையும் சேர்த்தே கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.