சொகுசுக் கூடாரம்: கடனுக்கு முன் பருவத்தைப் பாருங்கள்

பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. படகில் சுற்றிவிட்டு அன்றே திரும்புவோரைத் தோட்டத்தில் தங்கவைக்கும் ‘கிளாம்பிங்’ எனும் சொகுசுக் கூடாரங்கள், கடலூர், சிதம்பரம் வட்டார விவசாயிகளுக்குத் துணை வருமானம் தரலாம்.

ஆனால், ஆண்டு இறுதி விடுமுறையும் புயல் காலமும் இங்கே ஒன்றாக வருகின்றன. 2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த ‘தானே’ புயல், பண்ருட்டி முந்திரி, பலா மரங்களையே வேரோடு சாய்த்தது. துணிக் கூடாரம் எம்மாத்திரம்?

எனவே, அக்டோபருக்கு முன் கழற்றி வைக்கக்கூடிய கூடாரமே ஏற்றது. பலா பழுக்கும் கோடையில் தோப்பு நிழலே மூலதனம். இடத்துக்காக மரத்தை வெட்டாதீர்கள். கடலோரம், கழிமுகம் அருகே என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியை முதலில் விசாரியுங்கள். கழிவுநீர் கிணற்றில் கலக்கக் கூடாது. இரண்டு கூடாரங்களுடன் தொடங்கி, ஒரு கோடையின் வரவு செலவைப் பார்த்தபின் கடனை யோசிக்கலாம்.