நாணயச் சந்தைக்கு ‘நல்ல நேரம்’ எது?



ராகு காலம், எமகண்டம் பார்த்துக் காரியம் தொடங்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. எல்லாப் பொழுதும் அல்லாஹ்வுடையவை என்று நம்பும் சமூகம் நாம். ஆயினும் அண்மைக் காலமாக நம் இளைஞர் சிலரின் கைப்பேசிகளில் புதியதொரு ‘நல்ல நேர’ அட்டவணை இடம்பிடித்திருக்கிறது. டாலர்–யென் என்றால் காலை, யூரோ–டாலர் என்றால் மாலை ஐந்தரைக்கு மேல், பவுண்டு–டாலர் என்றால் லண்டன் திறந்த பிறகு என்று அது வகுத்துச் சொல்கிறது. ஃபாரெக்ஸ் வகுப்புகளும் டெலிகிராம் குழுக்களும் இதைத்தான் முதல் பாடமாக நடத்துகின்றன.

பிள்ளைகள் இதைப் பற்றிக் கேட்கும்போது பெற்றோரிடமிருந்து பெரும்பாலும் இரண்டு விடைகளே வருகின்றன. ஒன்று, ‘ஹராம், பேசாதே’ என்ற அதட்டல். மற்றொன்று, ‘நாலு காசு வந்தால் சரி’ என்ற பாராமுகம். முதலாவது காரணம் சொல்லாத மறுப்பு. இரண்டாவது விசாரிக்காத சம்மதம். இரண்டும் பிள்ளைக்கு உதவா. எனவே அந்த அட்டவணையையே கையில் எடுத்துப் படித்துப் பார்ப்போம்.

அட்டவணை சொல்லும் உண்மை

நாணயச் சந்தைக்கு ஒரே கட்டடமோ ஒரே கடையோ கிடையாது. சிட்னியில் தொடங்கி, டோக்கியோ, லண்டன், நியூயார்க் என்று நாள் நகர நகர வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கின்றன. திங்கள் அதிகாலை முதல் சனி அதிகாலை வரை இந்தச் சக்கரம் நிற்பதில்லை. பன்னாட்டுத் தீர்வு வங்கியின் 2022 ஏப்ரல் கணக்கெடுப்பின்படி நாளொன்றுக்கு ஏறத்தாழ 7.5 லட்சம் கோடி டாலர் மதிப்புள்ள நாணயம் கைமாறியது. அதில் 38 விழுக்காடு பிரிட்டனில் நடந்தது. அமெரிக்காவில் 19 விழுக்காடு. நூற்றுக்கு 88 பரிமாற்றங்களில் ஒரு பக்கம் டாலர் இருந்தது.

ஆகவே லண்டனும் நியூயார்க்கும் ஒருசேரத் திறந்திருக்கும் நான்கு மணி நேரமே சந்தையின் உச்சப் பொழுது. நம் நாட்டு நேரப்படி அது கோடையில் மாலை 5.30 முதல் இரவு 9.30 வரை, அந்நாடுகளில் குளிர்காலம் வந்தால் 6.30 முதல் 10.30 வரை. அமெரிக்காவின் வேலைவாய்ப்பு, விலைவாசிப் புள்ளிவிவரங்கள் நியூயார்க் நேரம் காலை 8.30க்கு, அதாவது நமக்கு மாலை 6 மணிக்கோ 7 மணிக்கோ வெளியாகும். டோக்கியோவின் பகல் நமக்குக் காலை 5.30க்குத் தொடங்குவதால் யென் அப்போது சுறுசுறுப்பாக இருக்கும்.

இவ்வளவும் உண்மை. ஆனால் ‘நல்ல நேரம்’ என்பதற்கு இங்கே என்ன பொருள்? வாங்குவோரும் விற்போரும் மிகுந்திருப்பதால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைப்பட்ட வேறுபாடு அந்த வேளையில் குறையும். விலையும் வேகமாக அசையும். அவ்வளவுதான். அசைவு மேலேயா கீழேயா என்பதைக் கடிகாரம் சொல்லாது. கூட்டம் மிகுந்த சந்தையில் பேரம் எளிது. அதனால் இலாபம் உறுதி என்று எந்த வணிகரும் சொல்லமாட்டார்.

2015 ஜனவரி 15 அன்று இந்திய நேரம் பிற்பகல் 3 மணி. லண்டன் முழுவீச்சில் இயங்கிக்கொண்டிருந்த பொழுது. ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று மூன்றாண்டுகளுக்கு மேலாகத் தான் காத்துவந்த எல்லையைக் கைவிடுவதாகச் சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி அறிவித்தது. சில நிமிடங்களில் விலை சரிந்தது. பலருடைய முதல் முழுவதும் போயிற்று. சிலர் போட்ட முதலுக்கு மேலும் கடன்பட்டனர். தரகு நிறுவனங்கள் சிலவும் நொடித்தன. அட்டவணையின்படி அது நல்ல நேரம்தான்.

அந்த நேரத்தில் நம் வீட்டில் என்ன நேரம்?

மாலை 5.30 முதல் 9.30 வரை என்பதை நம் வீட்டுக் கடிகாரத்தில் வைத்துப் பாருங்கள். அஸரின் இறுதி, மஃரிப், இஷா ஆகிய மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். பிள்ளைகள் குர்ஆன் ஓத அமரும் நேரமும், குடும்பம் ஒன்றாக உண்ணும் நேரமும் அதுவே. ரமளானில் இஃப்தாரும் தராவீஹும் அதற்குள்தான். லண்டன் கோடையில் திறப்பது நமக்குப் பகல் 12.30, வெள்ளிக்கிழமையில் அது ஜும்ஆவுக்குப் புறப்படும் வேளை.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் வாழும் நம்மவர்க்கும் இதில் விடுதலை இல்லை. துபாயில் கோடையின் உச்சப் பொழுது மாலை 4 முதல் 8 வரை. கோலாலம்பூரில் அது இரவு 8 முதல் நள்ளிரவு வரை நீளும்.

தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று அல்லாஹ் கூறுகிறான் (அல்குர்ஆன் 4:103). வணிகமும் கொடுக்கல் வாங்கலும் இறைநினைவிலிருந்து திசைதிருப்பாத மனிதர்களை அவன் புகழ்ந்துரைக்கிறான் (24:37). வணிகத்தை நிறுத்திவிட்டு ஜும்ஆவுக்கு விரையச் சொன்ன அதே இடத்தில், தொழுகை முடிந்ததும் பரவிச் சென்று அவனது அருளைத் தேடவும் சொல்கிறான் (62:9,10). இஸ்லாம் வணிகத்தின் பகையன்று. வணிகத்திற்கு எல்லை வகுத்த மார்க்கம்.

மளிகைக் கடைக்காரர் பாங்கு சொன்னதும் படுதாவை இறக்கிவிட்டுப் பள்ளிக்குப் போகலாம். அரிசி மூட்டை அங்கேயே இருக்கும். கடன் பெருக்கத்தில் யூரோ வாங்கி வைத்திருப்பவர் நிலை அதுவன்று. அவர் ஸஃப்பில் நின்றாலும் உள்ளம் திரையில் நிற்கும். ஏன் என்பது அந்த வணிகத்தின் தன்மையிலேயே இருக்கிறது.

கைக்குக் கை

நாணய மாற்றுக்கு நபி (ஸல்) அவர்கள் தெளிவான நெறியைத் தந்துள்ளார்கள். தங்கத்துக்குத் தங்கம், வெள்ளிக்கு வெள்ளி என்றால் சம அளவு வேண்டும். இனம் வேறுபட்டால் விரும்பிய விலைக்கு மாற்றலாம், ஆனால் கைக்குக் கை உடனே நடக்க வேண்டும் என்பது அதன் கருத்து (நூல்: முஸ்லிம்).

இதன் நடைமுறையை ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு நிகழ்ச்சி விளக்குகிறது. மாலிக் இப்னு அவ்ஸ் நூறு தீனார்களை மாற்ற வேண்டியிருந்தது. தல்ஹா (ரலி) அவர்கள் விலை பேசித் தங்கத்தை வாங்கிக்கொண்டு, வெள்ளியைத் தம் கருவூலக்காரர் வந்ததும் தருவதாகச் சொன்னார்கள். அருகிலிருந்த உமர் (ரலி) அவர்கள், பெற வேண்டியதைப் பெறாமல் அவரை விட்டுப் பிரியக்கூடாது என்று மாலிக்கிடம் உறுதியாகக் கூறினார்கள். தல்ஹா (ரலி) சுவர்க்கத்துக்கு நற்செய்தி கூறப்பட்ட பதின்மரில் ஒருவர். அவருடைய நாணயத்தில் யாருக்கும் ஐயம் இருந்திருக்க முடியாது. ஆயினும் நெறி நெறியே.

கைப்பேசிச் செயலியில் நடப்பது என்ன? பத்தாயிரம் ரூபாய் கட்டுகிறோம். நூறு மடங்கு லிவரேஜ் என்று தரகர் அதைப் பத்து லட்சமாகக் காட்டுகிறார். அந்தப் பத்து லட்சத்துக்கான யூரோ நம் கைக்கும் வருவதில்லை. நம் பெயரில் எந்த வங்கிக் கணக்கிலும் ஏறுவதில்லை. பெரும்பாலும் தரகரே எதிர்த்தரப்பு. விலை உயர்ந்தால் வேறுபாட்டை அவர் தருவார். தாழ்ந்தால் நாம் தருவோம். விலை ஒரு விழுக்காடு எதிர்ப்பக்கம் நகர்ந்தால் கட்டிய பத்தாயிரமும் தீர்ந்தது. அரை விழுக்காட்டு அசைவு நாணயச் சந்தையில் அன்றாடம் காணக்கூடியது. தொழுகையில் நிற்பவரின் உள்ளம் திரையில் நிற்பது இதனால்தான்.

இதற்குமேல், நியூயார்க் மாலை 5 மணியைத் தாண்டி வணிகத்தைத் திறந்து வைத்திருந்தால் ‘ஸ்வாப்’ என்ற பெயரில் இரு நாணயங்களின் வட்டி வேறுபாடு கணக்கில் கூட்டவோ கழிக்கவோ படும். நமக்கு அது இரவு 2.30 அல்லது 3.30, தஹஜ்ஜுத்துக்கு எழும் வேளையில் வட்டி எழுதப்படுகிறது. வார இறுதிக்கும் சேர்த்துப் புதன்கிழமைகளில் பொதுவாக மூன்று மடங்காக எழுதுவார்கள்.

‘இஸ்லாமியக் கணக்கு’ போதுமா?

இதற்கு விடையாகவே ‘ஸ்வாப் இல்லாத இஸ்லாமியக் கணக்கு’ விளம்பரப்படுத்தப்படுகிறது. வட்டி என்ற சொல் அதில் இல்லை என்பது சரி. ஆனால் தரகர் பலர் அதே தொகையை நிர்வாகக் கட்டணம் என்றோ, விலை வேறுபாட்டை அகலமாக்கியோ வாங்கிவிடுகிறார்கள். அதை விட்டாலும் இரண்டு கேள்விகள் எஞ்சும். நாணயம் கைமாறியதா? கடன் கொடுப்பவர் தம் வழியாகவே வணிகம் செய்ய வேண்டும் என்று கட்டுப்படுத்துவது, நபி (ஸல்) அவர்கள் தடுத்த ‘கடனும் விற்பனையும் சேர்ந்த’ ஒப்பந்தம் ஆகாதா?

2006இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் பேரவை, மார்ஜின் வணிகம் கூடாது என்று தீர்ப்பளித்தபோது இவற்றையும் காரணங்களாகக் காட்டியது. மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு 2012இல், தனிமனிதர் மின்தளங்களில் செய்யும் ஃபாரெக்ஸ் வணிகத்தை ஹராம் என்றது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுவதும் கைப்பற்றுதலாகவே கருதப்படும் என்று 1990இல் ஜித்தாவின் பன்னாட்டு ஃபிக்ஹ் அகாடமி ஏற்றது. இந்தோனேசிய உலமா சபை 2002இல் உடனடி நாணய மாற்றை அனுமதித்து, முன்பேர வணிகத்தையும் ஸ்வாப்பையும் தடுத்தது. ஆகவே நாணயத்தை நாணயத்துக்கு மாற்றுவதே ஹராம் என்று யாரும் சொல்லவில்லை. இறக்குமதி செய்பவர் டாலர் வாங்கலாம். உம்ராவுக்குச் செல்பவர் ரியால் மாற்றலாம். துபாயிலிருந்து திர்ஹத்தை ரூபாயாக்கி வீட்டுக்கு அனுப்பலாம். அங்கெல்லாம் நாணயம் உண்மையிலேயே கைமாறுகிறது. அதற்கொரு தேவையும் இருக்கிறது.

நம் முன்னோர் இத்தொழிலில் பழுத்தவர்கள். சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் பிளேஸ் அருகே சேஞ்ச் ஆலியில் தமிழ் முஸ்லிம்கள் நாணய மாற்றுக் கடைகள் நடத்தினார்கள். மேசையின் ஒருபுறம் ஒரு நாணயம், மறுபுறம் மற்றொன்று. எண்ணிக் கொடுத்தார்கள், எண்ணி வாங்கினார்கள். கைக்குக் கை என்பதற்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டியதில்லை.

யாருடைய பணம்?

ஐரோப்பியப் பங்குச்சந்தை ஆணையமான எஸ்மா 2018இல் இத்தகைய வேறுபாட்டு ஒப்பந்தங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. சில்லறை முதலீட்டாளர் கணக்குகளில் 74 முதல் 89 விழுக்காடு வரை இழப்பில் முடிகின்றன என்பதே அது காட்டிய காரணம். அந்தக் கணக்குகளை வைத்திருந்தோரும் இந்த நேர அட்டவணையை அறியாதவர்கள் அல்லர்.

இந்தியாவில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள், தளங்கள், பங்குச்சந்தைகள் வழியாகவே அந்நியச் செலாவணி வணிகம் செய்யலாம். வெளிநாட்டுத் தளங்களுக்கு மார்ஜின் பணம் அனுப்புவது ஃபெமா சட்டத்துக்கு முரணானது. அங்கீகாரமற்ற தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் முதல் வெளியிட்டு வருகிறது. அத்தகைய தளத்தில் பணம் முடங்கினால் மீட்பது அரிது. தேசியப் பங்குச்சந்தையில் நாணய ஒப்பந்தங்கள் சட்டப்படி உண்டு. ஆனால் அவை ரூபாயில் தீர்க்கப்படும் முன்பேர ஒப்பந்தங்கள். நாணயம் கைமாறாத குறை அங்கும் தீரவில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை இதைப் பற்றிப் பேசினால் அதட்டி வாயடைக்காதீர்கள். ‘நீ வாங்கும் யூரோ எங்கே இருக்கிறது? கடன் கொடுப்பவர் யார், அவருக்கு இதில் என்ன ஆதாயம்? தோற்றால் யாருடைய பணம் போகும்?’ என்று மூன்று கேள்விகளை அமைதியாகக் கேளுங்கள். வளைகுடாவில் வாப்பா ஈட்டியதும், தங்கையின் திருமணத்துக்கு உம்மா சேர்த்த நகையும் இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் திரைக்குள் போய்விடக்கூடாது. ஏற்கெனவே இறங்கி இழந்த பிள்ளையானால் முதலில் அரவணையுங்கள். வெட்கத்தில் மறைப்பவனே, இழந்ததை மீட்க மேலும் கடன் வாங்குவான்.

வணிகத்துக்கு நல்ல நேரம் எது என்ற கேள்விக்கு நம்மிடம் ஒரு விடை உண்டு. தம் சமுதாயத்துக்கு அதிகாலையில் பரகத் அருளுமாறு நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். அதை அறிவித்த ஸக்ர் அல்காமிதீ (ரலி) ஒரு வணிகர். தம் சரக்குகளை அதிகாலையிலேயே அனுப்பிவைப்பார். செல்வமும் பெருகியது (நூல்: திர்மிதீ, அபூதாவூத்). அவர் அனுப்பியது சரக்கு என்பதை மறந்துவிட வேண்டாம். அவரிடம் பொருள் இருந்தது. அதை வேண்டுவோரும் இருந்தார்கள். நேரத்தின் பரகத் அதற்குப் பிறகே வந்தது.

நம் இளைஞர்களுக்கு ஹலாலான வணிகத்தையும், அதில் பரகத்தையும், தொழுகையைக் காக்கும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.