இடுப்பில் கட்டும் இரும்புத் தாயத்து

மறைத்து வைத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி வேண்டும்; அது பெரிதாயிருத்தலும் ஆகாது, சிறிதாயிருத்தலும் ஆகாது; நடுத்தரமானவற்றுள் எது சிறந்தது? இந்தக் கேள்வி இன்று நம் வாலிபர் சிலர் வாயில் அடிபடுகிறது. அமெரிக்கர் கைபேசித் திரையில் பேசும் பேச்சைப் பார்த்துவிட்டு, ஜெலுத்தோங் காப்பிக்கடையிலும் தோட்டத்து லயத்துத் திண்ணையிலும் துப்பாக்கிப் பெயர்களை மந்திரம்போல ஒப்பிக்கிறார்கள். எதைத் தேர்வது என்று தர்க்கம் செய்கிறார்களேயன்றி, ஏன் தேர்வது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவர்கள் பேச்சில் அறிவே இல்லையென்று நாம் சொல்லவில்லை. பெரிய துப்பாக்கி கைக்கு அடங்கும், குறியும் தவறாது. ஆனால் சட்டைக்குள் மறையாது. மிகச் சிறியது மறையும். ஆனால் சுடும்போது கையில் துள்ளும், குழல் குட்டையானதால் குறி வைப்பதும் கடினம். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒன்று. 1988-ல் வெளிவந்த குளோக் 19 இவ்வகைக்குப் பேர்போனது. அதன் வழக்கமான அடுக்கில் 9 மில்லிமீட்டர் தோட்டா 15 கொள்ளும். இவ்வளவும் இரும்பைப்பற்றிய ஞானம். அதைச் சுமக்கும் மனிதனைப்பற்றிய ஞானம் இதில் எங்கே இருக்கிறது?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் 2022-ல் உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி ஏந்துவது குடிமகன் உரிமை என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டில் அப்படிப்பட்ட உரிமை கிடையாது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, போலீஸ் தலைமை அதிகாரியின் அனுமதி இல்லாமல் எவரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 1971-ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டமோ, அனுமதியின்றி வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது. கொள்ளை முதலிய குற்றங்களின்போது கொல்லவோ காயப்படுத்தவோ எண்ணிச் சுட்டால், குண்டு ஒருவர்மேலும் படாவிட்டாலும், 2023 வரை தூக்கு ஒன்றே தண்டனை. அவ்வாண்டில் சட்டம் திருத்தப்பட்ட பின்னர், தூக்கு அல்லது 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் பிரம்படியும். காப்பிக்கடைப் பண்டிதர்கள் துப்பாக்கியின் எடையைச் சொல்கிறார்கள். இந்த எடையை ஏன் சொல்வதில்லை?

“சட்டம் கிடக்கட்டும், உயிரைக் காப்பது அல்லவா முக்கியம்?” என்பார்கள். அப்படியானால் ஜெலுத்தோங்கின் கடலோரத்துக்கே வருவோம். 2016 டிசம்பர் 1-ஆம் தேதி, துன் டாக்டர் லிம் சோங் யூ நெடுஞ்சாலையில், டத்தோ பட்டம் பெற்ற வியாபாரி ஒருவர் தம் காரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் பகைவனல்லன்; அவர் உயிரைக் காக்கக் கூலி கொடுத்து வைத்த மெய்க்காவலனே என்று போலீசார் கூறினர்; அவன்மீது கொலைக் குற்றமும் சாட்டப்பட்டது. வழியில் இருந்தவர்கள்மீதும் குண்டுகள் பாய்ந்தன. மொத்தம் மூவர் மாண்டனர். பணமுள்ளவர் விலை கொடுத்து வாங்கக்கூடிய காவலில் உச்சமான காவல் அது. அந்தத் துப்பாக்கி யாரைக் காத்தது?

ஒரு சம்பவத்தைக் கொண்டு வாதிக்கலாமா என்று கேட்பவருக்குக் கணக்கும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் அடங்கிய கிங் மாவட்டத்தில், துப்பாக்கி இருந்த வீடுகளில் நேர்ந்த துப்பாக்கிச் சாவுகளை ஆறு ஆண்டுக் காலத்துக்கு எண்ணி, மருத்துவர் இருவர் 1986-ல் வெளியிட்டார்கள். தற்காப்புக்காகச் சுட்டு நேர்ந்த சாவு ஒன்றுக்கு, மற்ற வகைச் சாவுகள் 43. அவற்றுள் ஏறக்குறைய 37 தற்கொலை. எஞ்சியவை கொலையும் விபத்தும். சுடாமலே திருடனை விரட்டியவர் கணக்கு அதில் சேரவில்லை என்பர். சேரவில்லைதான். ஆனால் வீட்டில் விழுந்த பிணங்கள் பெரும்பாலும் யாருடையவை என்பதை அந்த வாதம் மாற்றிவிடுமா? 2021-ல் அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டவர் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். சம்சுப் புட்டியும், கடன் தொல்லையும், புருஷன் பெண்சாதிச் சண்டையும் உள்ள நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். கோபம் ஒரு நாழிகையில் தணியும். தோட்டா திரும்பி வருமா?

உண்மையில் இது ஒரு தாயத்து. பேய் அண்டாமலிருக்க இடுப்பில் தகடு கட்டியவனை நாம் பரிகசித்தோம். இவனோ அதே இடுப்பில் இரும்பைக் கட்டிக்கொண்டு தன்னைப் பகுத்தறிவாளன் என்கிறான். தகடு கட்டியவனாவது அதை நம்பி வம்புக்குப் போகமாட்டான். துப்பாக்கி கட்டியவன், ஒதுங்கிப் போகவேண்டிய இடத்தில் நின்று பேசுகிறான். நின்று பேசவேண்டிய இடத்தில் கையை இடுப்புக்குக் கொண்டுபோகிறான். தகட்டுக்கு வேலை செய்யச் சக்தியில்லை, இதற்கு உண்டு. அதனால் இது தகட்டினும் கேடான மூடநம்பிக்கை.

இதில் மற்றொரு நோயும் மறைந்திருக்கிறது. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரை அனுமதிச் சீட்டுக்குக் காத்து நிற்க வைத்தது, வெள்ளையருக்கு விலக்களித்தது. மலாயாத் தோட்டத்திலும் துரையின் இடுப்பில் துப்பாக்கி. நம்மவன் கையில் பால் வெட்டும் கத்தி. 1948-ல் அவசரகாலம் பிறந்தபோது துரைமாருக்கு ஆயுதம் வழங்கப்பட்டது. அதே காலத்தில், மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகவே 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர்ப் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். யாரையும் சுட்டதாக அல்ல, வைத்திருந்ததாகவே குற்றச்சாட்டு. இந்தியாவிலிருந்து எழுந்த வேண்டுகோளும் பயன்படவில்லை. ஒரே இரும்பு ஒருவனுக்கு அதிகாரச் சின்னம். மற்றொருவனுக்குத் தூக்குக் கயிறு. அந்த அநீதியை வெறுத்தவன், துரையின் அதிகாரத்தை ஒழிக்க விரும்புவானா, துரையின் இடுப்புப்பட்டையைத் தான் கட்டிக்கொள்ள விரும்புவானா? அடிமைத்தனம் போனபின்னும் எஜமானன் வேஷத்தில் உள்ள மோகம் போகாதவனே இப்படி ஆசைப்படுவான்.

“போலீஸ் நேரத்துக்கு வருவதில்லை; குண்டர்கள் ஆயுதத்தோடு திரிகிறார்கள்; ஏழை என்ன செய்வான்?” இது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் உபதேசம் மட்டும் செய்வது அயோக்கியத்தனம். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் குழுக்களின் பெயரை வெளியிட்டபோது, அவற்றின் உறுப்பினரில் நூற்றுக்கு எழுபது பேர் இந்தியர் என்று கணக்குக் காட்டியது. அந்த வாலிபர்கள் வானத்திலிருந்து குதித்தவர்களா? துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து வீடும் தொழிலும் இழந்து நகரத்துக்குத் தள்ளப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு அஞ்சி நாமும் துப்பாக்கி தேடினால், பிள்ளை ஒரு முனையிலும் தகப்பன் மறுமுனையிலும் நின்று சுட்டுக்கொள்வதுதான் முடிவு.

ஆகவே செய்யவேண்டியது வேறு. மிரட்டல் வந்தால் வாயால் முணுமுணுக்காமல் போலீசில் எழுத்தில் புகார் கொடுத்து, அதன் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போனால் அலட்சியம் செய்யும் நிலையத்துக்கு, தெருவார் இருபது பேராகப் போங்கள். அடுக்குமாடியின் இருண்ட படிக்கட்டுக்கு விளக்குக் கேட்டு நகராண்மைக் கழகத்தை விடாதீர்கள். பள்ளியை விட்டு நின்ற பையனைக் குண்டன் கண்டுபிடிக்குமுன் நம் சங்கங்கள் கண்டுபிடித்து, அவனுக்கு ஒரு தொழில் கற்பிக்கட்டும். கோவில் திருவிழாவுக்கு வசூலிக்கும் பணத்தில் கால்பங்கு இதற்குப் போதாதா?

இதில் வீரம் எங்கே என்று கேட்கும் வாலிபனுக்கு ஒரு வார்த்தை. கணபதியின் பலம் அவரிடம் கண்டதாகச் சொல்லப்பட்ட துப்பாக்கியில் இல்லை. அவர் பின்னே நின்ற பல்லாயிரம் தொழிலாளரிடம் இருந்தது. அந்தப் பலத்தை அரசாங்கம் அஞ்சியது. துப்பாக்கியோ அவரைத் தூக்கிலிட அதற்கு ஒரு சாக்கைத்தான் கொடுத்தது. மறைத்துவைக்கும் பலம் ஒருவனுக்கு மட்டுமே உதவும், அதுவும் சந்தேகம். பத்துப்பேர் பகிரங்கமாகச் சேர்ந்து நிற்கும் பலத்துக்கு அனுமதிச் சீட்டும் வேண்டாம், தோட்டாவும் வேண்டாம். நடுத்தரத் துப்பாக்கியில் எது நல்லது என்று கேட்பவருக்கு நம் பதில் இதுதான்: கடையிலேயே கிடப்பது நல்லது.