யாருடைய பழக்கம்?

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆவதற்குள் "ஏதும் விசேஷமா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. அது பெண்ணிடம்தான் வருகிறது. பின்னாலேயே அறிவுரைகளும் வருகின்றன. உடம்பைக் குறை, காபியைக் குறை, ராத்திரி கண் விழிக்காதே. இவற்றில் சிலவற்றுக்கு ஆதாரம் உண்டு, சில வெறும் திண்ணைப் பேச்சு. ஆனால் ஆதாரம் உள்ளவற்றைக் கூர்ந்து பார்த்தால், அவை பெரும்பாலும் வீட்டின் பழக்கங்கள். பழி மட்டும் அவள் பெயரில் எழுதப்படுகிறது.

புகையையே எடுத்துக்கொள்வோம். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறக்கும்போதே இருப்பவை. கிணறு போல மறுபடி ஊறுவதில்லை. புகைபிடித்தால் அந்த இருப்பு வேகமாகக் கரைகிறது. மாதவிடாயும் ஒன்று முதல் நான்கு ஆண்டுகள் முன்னதாகவே நின்றுபோகிறது. ஆகவே "புகைக்காதே" என்பது நல்ல அறிவுரைதான். யாருக்கு? 2016-17இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் புகைக்கும் பெண்கள் 2 சதவீதம். ஆண்கள் 19 சதவீதம். வீட்டுக்குள் பிறர் விடும் புகையைச் சுவாசிக்கும் பெரியவர்களோ ஏறத்தாழ 39 சதவீதம். அந்தப் புகையும் கருவுறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று ஆய்வுகள் சுட்டுகின்றன. அதே பீடி, பிடிக்கிறவரின் விந்தணுக்களையும் கெடுக்கிறது. பத்தியம் இருக்கச் சொல்வது மட்டும் அவளை.

சாப்பாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட செவிலியரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2007இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். உணவின் சக்தியில் 2 சதவீதம் மாவுச்சத்துக்குப் பதிலாக டிரான்ஸ் கொழுப்பிலிருந்து வந்தால், கருமுட்டை வெளிப்படாததால் வரும் கருவின்மைக்கான ஆபத்து 73 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. காரணத்தை நிரூபிப்பது அல்ல. இருந்தாலும், பேக்கரி பஃப்ஸில் வனஸ்பதி வழியாக எவ்வளவு டிரான்ஸ் கொழுப்பு சேர்கிறது என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எந்தப் பெண்ணின் மனஉறுதியும் செய்ய முடியாத வேலை அது.

"அப்படியானால் பெண்ணுக்குப் பொறுப்பே இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையோடு உடல் பருமனும் உள்ளவர்கள் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே, பலருக்கு மாதவிடாய் சீராகி முட்டை வெளிப்படத் தொடங்குகிறது. மாத்திரைக்கு முன் இதைத்தான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் ஒன்பதரை மணிக்குத் தட்டு வைக்கிறவள், காலையில் நடக்கப் போனால் சட்னி யார் அரைப்பது? எடை அவளுடையதுதான், அவள் நேரம் அவளுடையதாக இல்லை.

இன்னொரு மறுப்பு கனமானது: பழக்கத்தை எவ்வளவு திருத்தினாலும் வயதை வெல்ல முடியாது. உண்மை. அதனால்தான் "இன்னும் கொஞ்ச நாள் இப்படி இருந்து பார்" என்று அவளை மட்டும் திருத்திக்கொண்டு காலம் கடத்துவது ஆபத்து. 35 வயதுக்குள் இருந்தால் ஓராண்டு, தாண்டிவிட்டால் ஆறு மாதம். அதற்குமேல் காத்திருக்காமல் இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் போக வேண்டும். கருவின்மையில் சுமார் பாதித் தம்பதிகளிடம் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, வலி இல்லை, செலவும் குறைவு. கருக்குழாயில் அடைப்பு பார்க்க அவளைப் படுக்கவைப்பதற்கு முன்பே அதை முடித்துவிடலாம்.